வளைகாப்புல இருந்து நாப்பது நாள் வரைக்கும்: நர்சக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த கடிதாசு, வாட்சப் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்துலயும் முக்கால்வாசி நிறைமாசத்தைப் பத்தியும் பிள்ளை பெத்த பிற்பாடு வர்ற தொந்தரவைப் பத்தியும்தான். தை மாசியில கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கெல்லாம் இப்பதான் மாசம் நெருங்குது, வெளிய ஐப்பசி மழை வேற. முப்பத்தோரு வருசம் திருவாரூர், நாகை பக்கம் சப்சென்டர்ல கிராம செவிலியரா இருந்தவ நான், எனக்கு ஐப்பசின்னாலே வயித்துல நெருப்புதான். அதனால இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் இதுக்கே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு, தலைச்சன் பிரசவம், 34 வாரம் ஆகுது. வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆச்சு. கால் வீங்கி செருப்பு நுழைய மாட்டேங்குது, இன்னிக்குக் காலைல மோதிரத்தையும் கழட்ட முடியல. ரெண்டு நாளா நெத்தி இடிக்கிற மாதிரி தலைவலி. அம்மா உப்பைக் குறைச்சுட்டு சோம்புத் தண்ணி போட்டுத் தர்றாங்க, எனக்கும் உன்னைச் சுமந்தப்ப இப்படித்தான் இருந்துச்சுங்கிறாங்க. அடுத்த செக்கப் பத்து நாள் கழிச்சுதான், அது வரைக்கும் இருக்கலாமா? (நீடாமங்கலம் பக்கத்து வாசகி)

இந்தத் தங்கச்சிக்குப் பத்திரிகையில பதில் எழுதி அது அச்சாகி வர்ற வரைக்கும் தாங்காதுன்னு லெட்டர் கிடைச்ச அன்னிக்கே போன் போட்டுட்டேன். மழையோட மழையா ஆட்டோ பிடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்காங்க, பிரஷர் 158/104, யூரின்ல புரதம் ரெண்டு பிளஸ், அங்கிருந்து நேரா 108ல பெரிய ஆஸ்பத்திரி. இப்ப அட்மிட் ஆகி மாத்திரை போய்க்கிட்டிருக்கு, பிள்ளையும் நல்லா இருக்கு. இனி எழுதுறதெல்லாம் இதே மாதிரி வீட்டுல உக்காந்துக்கிட்டு சோம்புத் தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கிற மத்த பொண்ணுங்களுக்காக.

சாயங்காலம் ஆனா கணுக்கால் வீங்குறது, படுத்து எந்திரிச்சா வத்திடுறது, இது நிறைமாசத்துல நிறைய பேருக்கு இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா காலைல எந்திரிக்கும்போதே மூஞ்சி உப்பி இருக்கு, விரல் வீங்கி மோதிரம் வளையல் இறுக்குதுன்னா அது வேற கணக்கு. அதோட தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இல்ல மின்னல் வெட்டுற மாதிரி, பார்வை மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழ இல்ல வலது விலாவுக்கு அடியில வலி, காரணமில்லாம வாந்தி, யூரின் குறைஞ்சு போறது, இதுல எது ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே பிரஷர் பாக்கணும். 20 வாரத்துக்கு மேல 140/90 தாண்டி யூரின்லயும் புரதம் போச்சுன்னா அதுக்குப் பேரு ப்ரீ-எக்லாம்சியா, இதுதான் முத்திப்போய் வலிப்பு வர்றது. 160/110 வந்துட்டா ஒரு மணி நேரங்கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது. இன்னொண்ணு, சில பேருக்கு வீக்கமே இருக்காது, வெறும் பிரஷர் மட்டும் ஏறி நிக்கும், அதனால வீக்கம் இல்லையேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

உப்பைக் குறைச்சா இது சரியாகாதும்மா. பார்லி, சோம்பு, நெருஞ்சி எதுவும் இந்தப் பிரஷரை இறக்காது, யூரினைக் கூட்டுற தண்ணி மாத்திரையை மெடிக்கல்ல வாங்கிப் போடுறது ரொம்பத் தப்பு. கோளாறு நஞ்சுக்கொடியில இருந்து ஆரம்பிக்குது, ரத்தக்குழாய் முழுக்க இறுகிடுது, அதனாலதான் கிட்னி, லிவர், மூளைன்னு எல்லாத்தையும் தொடுது. பிள்ளையும் நஞ்சும் வெளிய வர்றதுதான் முடிவான வைத்தியம், அது வரைக்கும் லாபெட்டலால், நிஃபெடிபின் மாதிரி மாத்திரையில பிரஷரைப் பிடிச்சு வைப்பாங்க, வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவாங்க. அந்த ஊசி ரெண்டு பக்க இடுப்புலயும் ஆழமா போடுறது, வலிக்கும், எரியும், நிறைய பொண்ணுங்க என்னைத் திட்டியிருக்காங்க. ஆனா 2002ல 33 நாட்டுல பத்தாயிரம் பொம்பளைங்களுக்கு மேல வச்சுப் பாத்த ஆராய்ச்சியில அந்த ஊசி வலிப்பு வர்றதை பாதிக்கும் மேல குறைச்சுதுன்னு தெளிவா தெரிஞ்சுது. அதனால போடுறேன்னு சொன்னா வேண்டாங்காதீங்க.

இதுல நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது வேற. வளைகாப்பு முடிச்சு பொண்ணு அம்மா வீட்டுக்குப் போறப்ப அஞ்சு வகை சாதம், வளையல், பட்டுப்புடவை எல்லாம் கூடவே போகுது, அம்மா-குழந்தை கார்டும் ஸ்கேன் பேப்பரும் மாமியார் வீட்டு பீரோவுலயே கிடக்கும். இந்த ஊரு நர்சுக்கு அவ போனது தெரியும், அந்த ஊரு நர்சுக்கு அவ வந்தது தெரியாது, நடுவுல மூணு நாலு வாரம் யாருமே பிரஷர் பாக்காம ஓடிடும். பிரஷர் ஏறுறதும் சரியா அந்த நேரம்தான். போன மறுநாளே அம்மா வீட்டு ஊரு நர்சைப் பாத்து பிக்மி நம்பரை, அதான் கர்ப்பத்தைப் பதியுறப்ப அரசாங்கத்துல தர்ற நம்பர், அதைக் காட்டி பேரைப் பதிஞ்சுக்கோங்க. அந்த நம்பர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கு மட்டுமில்ல, உங்களை ஒருத்தர் கணக்குல வச்சிக்கிட்டுத் தேடணும்ல, அதுக்குந்தான்.

கேள்வி: 35 வாரம் ஆகுதுக்கா. ஒரு வாரமா உள்ளங்கை, உள்ளங்கால் ரெண்டும் ராத்திரியானா அப்படி அரிக்குது, தூக்கமே இல்ல. தடிப்பு எதுவும் கிடையாது. வேப்பிலை மஞ்சள் அரைச்சுப் போட்டும் கேக்கல. (கூத்தாநல்லூர் வாசகி)

வயித்துல தோல் விரிஞ்சு அரிக்கிறது சகஜம். தடிப்பே இல்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சு, அதுவும் ராத்திரியில கூடுதுன்னா அது தோல் வியாதி இல்லம்மா, லிவர்ல பித்தநீர் தேங்கி ரத்தத்துல கலக்குறதால இருக்கலாம். லிவர் டெஸ்டும் பைல் ஆசிட் டெஸ்டும் எடுக்கச் சொல்லி கேளுங்க. அம்மாவுக்கு அரிப்போட போயிடும், பிரசவம் ஆனதும் சில நாள்ல தானா நின்னுடும். பயம் பிள்ளைக்குத்தான், பைல் ஆசிட் 100க்கு மேல போச்சுன்னா வயித்துலயே பிள்ளை தவறிப்போற அபாயம் கூடுது. அதனால அளவைப் பொறுத்து நாள் முன்னாடியே பிரசவம் பாக்கலாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க. உங்க உம்மாக்கிட்ட சொல்லி வேப்பிலையை நிறுத்திட்டு நாளைக்கே போங்க.

கேள்வி: நான் திருப்பூர்ல வேலை பாக்குறேன், மனைவி மன்னார்குடி பக்கம் அவங்க வீட்டுல இருக்காங்க, 37 வாரம். நேத்துல இருந்து பிள்ளை அசைவு கம்மின்னு சொல்றாங்க. பாட்டி, நாள் கிட்ட வந்தா பிள்ளை அடங்கிடும்ங்கிறாங்க. நிஜமா?

இல்லப்பா. இந்த ஒரு சொல்லால போன பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் கோவமாவே எழுதுறேன். கடைசி வாரங்கள்ல இடம் குறையுறதால உதைக்கிற விதம் மாறலாம், உருளுற மாதிரி நெளியுற மாதிரி இருக்கும், ஆனா அசையுற தடவை குறையக் கூடாது. பிரசவ வலி வர்ற வரைக்கும், வலிக்கு நடுவுலயும்கூட பிள்ளை அசையணும். சாப்பிட்டுட்டு இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து, போனை ஓரமா வச்சுட்டு எண்ணச் சொல்லுங்க, ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரணும். வரலைன்னா, இல்ல எண்ணிக்கை சரியா வந்தும் இது எப்பவும் போல இல்லையேன்னு அவங்க மனசுக்குப் பட்டாலே, அன்னிக்கே ஆஸ்பத்திரி. ராத்திரி பதினோரு மணியா இருந்தாலும் சரி, வயித்துல பெல்ட் கட்டி பிள்ளையோட இதயத்துடிப்பை இருபது நிமிசம் பாப்பாங்க, நல்லா இருந்தா வீட்டுக்குப் போகலாம். நாலு தடவை வீணா போய்ட்டு வந்தா தப்பில்ல. நீங்களும் கிளம்பி வந்துடுங்க தம்பி, இந்த மழையில வீட்டுல ஆம்பளை ஒருத்தர் இருக்கறது நல்லது.

மழைன்னதும் ஞாபகம் வருது. 2018 நவம்பர் 16 கஜா அடிச்ச அன்னிக்கு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் போக ரோடே கிடையாது. புயல் சின்னம்னு ரேடியோவுல சொன்னாலே பிரசவ தேதி நெருங்குனவங்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துடுறது அதுக்குத்தான். நர்சு வீட்டு வாசல்ல வந்து வாம்மான்னு கூப்பிட்டா, வலியே வரலையேன்னு மல்லுக்கட்டாதீங்க. தேதிக்கு ரெண்டு வாரம் இருக்கப்பவே பையைக் கட்டி வாசப்பக்கம் வச்சிடுங்க.

கேள்வி: அஞ்சாம் மாச ஸ்கேன்ல நஞ்சு கீழ இருக்குன்னு போட்டிருந்தாங்க, இப்ப 31 வாரம், திரும்ப ஸ்கேன் பாக்கணுமா? திருக்கருகாவூர் அம்மன் எண்ணெய் தடவலாமா? (பாபநாசம் வாசகி)

பாக்கணும். கர்ப்பப்பை வளர வளர நிறைய பேருக்கு நஞ்சு மேல ஏறிடும், 32 வாரத்து வாக்குல ஒரு ஸ்கேன் பாத்தா தெரிஞ்சிடும். ஏறலைன்னா வலியே இல்லாம சிவப்பா ரத்தம் பட்டுன்னு போகும், துளியா இருந்தாலும் 108க்குத்தான் போன். யாரையும் கைவிட்டுப் பாக்க விடாதீங்க, மருத்துவச்சியா இருந்தாலும் சரி, ஸ்கேன் பாக்காம உள்பரிசோதனை பண்ணா வெள்ளமா கொட்டிடும். ரத்தத்தோட வயிறு கல்லு மாதிரி இறுகி வலிச்சா அது நஞ்சு முன்கூட்டியே பிரியுறது, அதுல இன்னும் அவசரம். ரத்தம் கொடுக்க உங்க குரூப்புக்கு ரெண்டு பேரை இப்பவே சொல்லி வச்சிக்கோங்க. கர்ப்பரட்சாம்பிகை சன்னதி விளக்கெண்ணெய் அடிவயித்துல லேசா தடவிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, நானும் என் மருமகளுக்கு வாங்கிட்டு வந்தேன். அழுத்தி உருவக் கூடாது, சுகப்பிரசவம் ஆகட்டும்னு விளக்கெண்ணெயைக் குடிக்கவும் கூடாது.

கேள்வி: என் மருமகளுக்குப் பிரசவம் ஆகி ஒன்பது நாள் ஆச்சும்மா. ரெண்டு நாளா குளிர் காய்ச்சல், தீட்டு நாத்தம் அடிக்குது, அடிவயிறு வலிங்குறா. அக்கம்பக்கத்துல ஜன்னி கண்டுடும், காத்து படாம உள்ளயே வை, தண்ணி தராதேங்குறாங்க. காயம் இடிச்சுக் கொடுத்தேன். வேற என்ன தரலாம்? (திருத்துறைப்பூண்டி தாய்)

அம்மா, நீங்க மருமகளுக்காக லெட்டர் எழுதிக் கேட்டதே பெரிய விசயம். ஆனா இவளுக்கு வீட்டுல தர்றதுக்கு எதுவுமே இல்ல, உங்களுக்கும் போன்லயே சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக விவரமா எழுதுறேன்.

இந்த ஜன்னிங்கிற வார்த்தையோட எனக்கு ஒரு கணக்கு இருக்கு. 1979 ஐப்பசியில எங்க பெரியம்மா பொண்ணுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு, அஞ்சாம் நாள் தலை வலிக்குது தலை வலிக்குதுன்னா, பத்து அரைச்சுப் போட்டாங்க, அன்னிக்கு ராத்திரி கைகால் இழுத்துச்சு. ஜன்னின்னாங்க, வேப்பிலை கட்டினாங்க, பக்கத்து ஊருல இருந்து ஆளைக் கூட்டி வந்து மந்திரிச்சாங்க. வெண்ணாறு ரெண்டு கரையும் தொட்டுப் போகுது, மாட்டுவண்டி போக வழியில்ல. விடியுறதுக்கு முன்னாடி அக்கா போயிட்டா. நான் அப்ப எட்டாங்கிளாஸ். பின்னாடி நர்சிங் படிக்கப் போயி முதல் தடவை எக்லாம்சியான்னு பாடம் எடுத்தப்ப, அய்யோ இது எங்க அக்கா கதையாச்சேன்னு கிளாஸ்லயே அழுதேன். பிள்ளை பெத்ததும் பிரஷர் இறங்கிடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா பிரசவத்துக்குப் பிறகு மூணாம் நாள்ல இருந்து ஆறாம் நாள் வரைக்கும் அது திரும்ப ஏறுற காலம், வலிப்பு அப்பவும் வரும், ஆறு வாரம் வரைக்கும் கவனமா இருக்கணும்.

நம்ம ஊருல ஜன்னின்னு ஒரே பேருல கூப்பிடுறது மூணு வேற வேற வியாதி. கைகால் இழுக்குறது எங்க அக்காவுக்கு வந்தது, அது பிரஷர். காய்ச்சல்ல பிதற்றுறது கர்ப்பப்பையில கிருமி ஏறி ரத்தத்துல கலந்தது. ராப்பகலா தூங்காம, இல்லாத குரல் கேக்குது, இது என் பிள்ளையே இல்லன்னு பேசுறது மனசுல வர்ற வியாதி, ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குப் பிரசவமான முதல் ரெண்டு வாரத்துல வரும். மூணுமே குணமாகும், மூணுக்கும் மருந்து வேற. ஜன்னின்னு சொல்லி கதவைச் சாத்திட்டா மூணுக்குமே வைத்தியம் கிடைக்காம போகுது.

உங்க மருமகளுக்கு இருக்கறது ரெண்டாவது வகைக்கான அறிகுறி. பிரசவத்துக்குப் பின்னாடி காய்ச்சல் 100.4 தொட்டா, தீட்டு நாத்தம் எடுத்தா, நஞ்சுத் துண்டு உள்ள தங்கியிருக்கான்னு பாக்கணும், ஊசியில ஆன்டிபயாட்டிக் ஏத்தணும், ஒரு ராத்திரி தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து. 1846ல வியன்னாவுல ஒரு பிரசவ வார்டுல நூத்துக்குப் பதினோரு தாய்மார் இந்தக் காய்ச்சல்ல செத்துக்கிட்டிருந்தாங்க, செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் 1847ல எல்லாரும் குளோரின் தண்ணியில கை கழுவிட்டுத்தான் தாயைத் தொடணும்னார், 1848ல அது நூத்துக்கு ஒண்ணு சொச்சமா இறங்கிடுச்சு. வெறும் கை கழுவுறதுலங்க. தீட்டுக்குப் பழைய சேலைத் துணி கிழிச்சு வைக்கிறவங்க சோப்புப் போட்டு அலசி நல்ல வெயில்ல காய வைங்க, வெயில் இல்லாத இந்த மாசத்துல பேடு வாங்கிடுங்க. தீட்டு முதல் நாலு நாள் சிவப்பா, அப்புறம் வெளுத்து, ஆறு வாரத்துல நின்னுடும். வெளுத்தது திரும்ப சிவப்பாகி கட்டி கட்டியா போனாலோ, ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுசா நனைஞ்சாலோ உடனே கிளம்பணும்.

அப்புறம் தண்ணி. பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி கொடுத்தா வயிறு பெருத்துடும்னு அரை டம்ளர் கணக்கு வைக்கிறது நம்ம பக்கம் இன்னும் போகல. பால் கொடுக்குறவ உடம்பு நிறைய தண்ணி கேக்கும், தாகம் எடுக்குற அளவுக்குக் கொடுங்க, வெந்நீராவே கொடுங்க, தப்பில்ல. பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, கருவாடு எல்லாம் நல்ல சாப்பாடுதான், நான் பத்தியத்துக்கு எதிரி இல்ல, ஆனா பிரஷர் உள்ளவளுக்கு மட்டும் கருவாட்டு உப்பு வேண்டாம், காயும் கீரையும் பழமும் நிறுத்தாதீங்க.

கேள்வி: சிசேரியன் ஆகி 12 நாள். இடது கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி சூடா வலிக்குது. எண்ணெய் தேய்ச்சு உருவ ஆள் சொல்லியிருக்காங்க. (வலங்கைமான் வாசகி)

உருவவே கூடாது! ரெண்டு காலும் வீங்குறது வேற, ஒத்தக் கால் மட்டும் வீங்கி வலிச்சா ரத்தம் உறைஞ்சு கட்டி உக்காந்திருக்கலாம், உருவினா அது பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். இன்னிக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேன் பாருங்க. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தா 108. சிசேரியன் ஆனவங்களை மூலையில படுக்க வைக்காம மெல்ல நடக்க விடுங்கன்னு நாங்க கத்துறது இதுக்குத்தான்.

கேள்வி: மார்புல பால் கட்டி கல்லு மாதிரி இருக்கு, காய்ச்சலும் இருக்கு, பால் கெட்டிருக்கும்னு அந்தப் பக்கம் தரலை, மல்லிப்பூ வச்சுக் கட்டியிருக்காங்க.

பூவை முதல்ல அவிழ்த்துடுங்க, மல்லிப்பூ கட்டுறது பால் வத்துறதுக்கான பழைய வைத்தியம், பிள்ளைக்குப் பால் வேணுங்கிறவங்களுக்கு இல்ல. பால் கெடல, அந்தப் பக்கமும் கொடுங்க, கொடுக்காம தேங்கினாதான் சீழ் கட்டும். பிள்ளை காம்பை மட்டும் கவ்வாம கருவளையமும் வாய்க்குள்ள போற மாதிரி பிடிங்க. கொடுத்த பிறகு குளிர்ந்த துணி வைங்க, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். ஒரு நாள்ல குறையலைன்னா ஆன்டிபயாட்டிக் வேணும், பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாத மருந்து இருக்கு.

கேள்வி: அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லல. என் மனைவிக்குப் பிரசவம் ஆகி அஞ்சு வாரம் ஆச்சு. பிள்ளை தூங்கினாலும் அவ தூங்க மாட்டேங்குறா, சும்மா அழுவுறா, நான் நல்ல அம்மா இல்லங்குறா. நேத்து, நான் இல்லாட்டி உங்க எல்லாருக்கும் நல்லதுன்னா. வீட்டுல, பொம்பளப் பிள்ளை பொறந்த வருத்தம்ங்கிறாங்க. (மயிலாடுதுறை வாசகர்)

தம்பி, மூணாம் நாள் நாலாம் நாள் காரணமில்லாம அழுகை வர்றது பாதிக்கும் மேல உள்ள தாய்மாருக்கு இருக்கும், ரெண்டு வாரத்துல தெளிஞ்சிடும். அஞ்சு வாரம் ஆகியும் தெளியலைன்னா அது வருத்தம் இல்ல, பிரசவத்துக்குப் பின் வர்ற மனச்சோர்வு நோய். பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி. நேத்து அவங்க சொன்ன வார்த்தையை லேசா எடுத்துக்காதீங்க, இன்னிக்கே அவங்க பக்கத்துல உக்காந்து, சாகணும்னு நினைப்பு வருதான்னு நேரடியா கேளுங்க, கேக்குறதால அந்த நினைப்பு வந்துடாது, சொல்ல ஒரு ஆளு கிடைச்சுதேன்னுதான் இருக்கும். தனியா விடாதீங்க. பூச்சிமருந்து வீட்டுல இருந்தா, நம்ம ஊருல எந்த விவசாயி வீட்டுலதான் இல்ல, இன்னிக்கே வேற இடத்துக்கு அனுப்பிடுங்க. 14416ங்கிறது டெலிமானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி போன், எந்நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. நாளைக்குக் காலைல மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, பால் கொடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கு. ராத்திரி ஒரு வேளை பிள்ளையை நீங்க வச்சிக்கிட்டு அவங்களை அஞ்சு மணி நேரம் சேந்தாப்ல தூங்க விடுங்க, பசிச்சா கொடுக்க முன்னாடியே பால் பீச்சி வச்சிக்கலாம். பொம்பளப் பிள்ளைன்னு பேசுறவங்களை அந்த ரூமுக்குள்ள விடாதீங்க, உங்க அம்மாவா இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரி போயிட்டு வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.